கோட்கர் மலையில் உண்ட உதிர்மாப் பண்டம்

பிழைப்பின் பொருட்டுத் தென்னாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறிய குடும்பங்களில், ஊரிலிருந்து முதியோர் ஒருவர் வந்து தங்கும்போது எழுகின்ற சங்கடங்களை இவ்விதழின் நேயர்களுக்கு நாங்கள் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கால்காவில் இரயில்வே ஊழியர் குடியிருப்பில் இரண்டறை வீட்டில் வாழும் எங்களுக்கும் 2024-ஆம் ஆண்டில் அந்த அனுபவம் வாய்த்தது. தந்தையாரின் முதலாண்டுத் திதி முடிந்ததும், அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரில் தனித்திருந்த அன்னையாரை ஏப்ரல் மாதத்தில் அழைத்து வந்தோம். இனி இங்கேயே எங்களுடன் இருந்துவிடுவார் என்பது எங்கள் எண்ணம். ஊர் வீட்டுக்கு ஒருவர் விலையும் கேட்டிருந்தார். அந்தச் செய்தியை அன்னையாரிடம் நாங்கள் சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தோம்.

அன்னையார் குறை சொல்லிப் பழகியவர் அல்லர். ஆனால் உணவு நாளுக்கு நாள் சுருங்கிற்று. காலையில் ஒரு தம்ளர் காப்பி, நண்பகலில் இரண்டு கவளம் தயிர்ச்சோறு, இரவில் சில நாள் அதுவுமில்லை. அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அன்போடு கொடுத்தனுப்பும் ராஜ்மாவையும் கடுகுக்கீரையையும் ஏறெடுத்தும் பாரார். பிறர் அடுக்களையில் சமைத்ததை உண்பதில்லை என்பது அவர் இளமை முதற்கொண்டு கைக்கொண்ட நியமம். மாலையானால் வாசற்படியில் அமர்ந்து, சிம்லாவிலிருந்து இறங்கி வரும் சிறிய இரயிலின் ஊதலைக் கேட்பார். பிறகு, "ஊருக்கு எப்பம் போகலாம்?" என்று ஒரு முறை கேட்பார். எங்கள் சிறுமி, "ஆச்சி, நேற்றுத்தானே கேட்டீங்க?" என்பாள். நாங்கள் பேச்சை மாற்றுவோம்.

அவ்வாண்டு செப்டம்பரில், எங்களுடன் பயணச்சீட்டு அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் ஊருக்கு அழைத்தார். அவர் சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கர் பகுதியைச் சேர்ந்தவர். ஆப்பிள் அறுவடைக் காலம் அது. "மாதாஜியையும் அழைத்து வாருங்கள், மலைக்காற்று பட்டால் பசியெடுக்கும்" என்றார். மூன்று நாள் விடுப்புப் பெற்று நால்வருமாகப் புறப்பட்டோம்.

கால்கா–சிம்லா இருப்புப்பாதையைப் பற்றி நாங்கள் எழுதப் புகுந்தால் பிறகு நிறுத்த மாட்டோம், அன்றாடம் சோறு போடுகின்ற பாதையல்லவா? ஆகவே சுருக்கிக் கொள்கிறோம். 1903-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடி. கடல் மட்டத்திலிருந்து 656 மீட்டர் உயரத்தில் கால்காவை விட்டு, நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து, 2,076 மீட்டரில் சிம்லாவை அடைகிறது. நீலகிரி இரயிலைப் போல் பல்சக்கரம் கிடையாது. வளைந்து வளைந்து தன் வலிவாலேயே ஏறும். 2008-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இதுவும் இடம் பெற்றது. கனோ அருகில் நான்கடுக்கு வளைவுகளாலான கற்பாலத்தின் மேல் வண்டி செல்லும்போது சிறுமி கைதட்டினாள். அன்னையார், "ஆத்துல தண்ணியே இல்லையே" என்றார். தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்குப் பாலத்தைவிடத் தண்ணீர்தான் கண்ணில் படும்.

சம்மர்ஹில் நிலையத்துக்கு முன்னால் வண்டி மெதுவாகச் சென்றது. 2023 ஆகஸ்டு 14-ஆம் நாள் பெய்த பெருமழையில் இங்கே மலை சரிந்து, சிவாலயம் ஒன்று புதைந்து, வழிபட வந்தோர் பலர் மாண்டனர். பாதையின் கீழிருந்த மண் முழுவதும் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. அந்நாட்களில் எங்கள் நிலையத்துக்கு வந்து நின்ற பயணிகளுக்கு விடை சொல்லி மாளவில்லை. மலை மேலே, சாலைகளும் அறுந்துபோக, பறித்த ஆப்பிள்கள் சந்தைக்குப் போக வழியின்றித் தேங்கின. எங்கள் நண்பரின் தோட்டத்துப் பழங்களும் அவ்வாறே அவ்வாண்டு பாதிக்கு மேல் வீணாயினவாம்.

அன்றிரவு சிம்லாவில் தங்கி, மறுநாட் காலையில் பேருந்து ஏறினோம். பழைய இந்துஸ்தான்–திபெத்துச் சாலை வழியே, 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவைத் தாண்டினால், தேவதாருக் காடுகள் விலகிச் சட்லெஜ் ஆற்றின் பள்ளத்தாக்கு கீழே விரிகின்றது. அங்கிருந்து பக்கச் சாலையில் இறங்கினால் தானேதாரும் கோட்கரும். சிம்லாவிலிருந்து 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இரு புறமும் ஆப்பிள் மரங்களே. மரங்களுக்கு மேல் ஆலங்கட்டி மழைக்குக் காப்பாகக் கட்டிய வலைகள், தூரத்திலிருந்து பார்க்கையில் மலைச்சரிவில் வேட்டி உலர்த்தியதைப் போல் தோன்றின.

இந்த மரங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துச் செல்வக் குடும்பத்தில் 1882-இல் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர், 1904-இல் இந்நாட்டுக்கு வந்து, சபாத்துவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் தொண்டு செய்தார். பின்னர் கோட்கரில் தங்கி, அம்மண்ணின் பெண்ணையே மணந்து, அம்மக்களில் ஒருவராகிவிட்டார். மலைவாழ் மக்களைக் கூலியின்றிச் சுமை தூக்கச் செய்த வெட்டிவேலை முறையை எதிர்த்துப் போராடினார். ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து 1921-இல் சிறையும் சென்றார். 1932-இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டு, 1946-இல் காலமானார். அவர் 1916-இல் அமெரிக்காவின் ஸ்டார்க் சகோதரர் நாற்றங்காலிலிருந்து வரவழைத்து நட்ட செந்நிற டெலிசியஸ் கன்றுகளே இன்று இம்மலைநாட்டுக்கு வாழ்வளிக்கும் தோட்டங்களுக்குத் தொடக்கம். அதற்கு முன் ஆங்கிலேயர் குல்லுப் பக்கத்தில் வளர்த்த ஆப்பிள்கள் பெரும்பாலும் புளிப்பு. ஸ்டோக்ஸ் கொணர்ந்தது இனிப்பு. நம் நாட்டுச் சந்தை இனிப்பையே விரும்பிற்று.

நண்பரின் வீடு சரிவின் நடுவே, கல்லும் மரமும் கொண்டு கட்டிய பழைய வீடு. அவர் தாயார் வாயிலில் நின்றிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். தலையில் கட்டிய துணி, கம்பளி மேலாடை, காலில் ஆண்பிள்ளைகள் அணியும் ரப்பர்க் காலணி. எங்களை உள்ளே அழைத்துத் தேநீரும் சித்துவும் கொடுத்தார். சித்து என்பது புளித்த கோதுமை மாவுக்குள் அக்ரூட் பருப்பை அரைத்து வைத்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டையின் தூரத்து உறவு என்று சொல்லலாம். நெய் ஊற்றி உண்ண வேண்டும். நாங்கள் மூவரும் உண்டோம். அன்னையார் திண்ணையிலேயே அமர்ந்து, தண்ணீர் மட்டும் போதும் என்று கைகாட்டிவிட்டார்.

எங்களுக்குப் பெரும் நாணமாயிற்று. நண்பர் வற்புறுத்தப் பார்த்தார். அவர் தாயாரோ மகனைக் கையமர்த்திவிட்டு உள்ளே போனார். ஒரு கூடை ஆப்பிளும் இரண்டு கத்திகளும் ஒரு தாம்பாளமும் கொணர்ந்து, அன்னையாரின் பக்கத்தில் அமர்ந்து, ஒன்றும் பேசாமல் தோல் சீவத் தொடங்கினார். இரண்டு பழங்கள் ஆயின. மூன்றாவது பழத்தை அன்னையார் எடுத்தார். மாங்காய் சீவிய கை. தோல் அறாமல் ஒரே சுருளாக வந்தது. மலையம்மையார் அச்சுருளைத் தூக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டிச் சிரித்தார்.

கூடையில் இருந்தவை செந்நிறப் பழங்கள் அல்ல, மஞ்சள் நிறத்தவை. ஏனென்று கேட்டோம். செந்நிற மரம் தன் பூந்தாதைக் கொண்டே நன்கு காய்ப்பதில்லை. மகரந்தம் கொடுப்பதற்காகத் தோப்பில் இடையிடையே கோல்டன் என்னும் மஞ்சள் வகையை நட்டிருப்பார்கள். சிவப்பு சந்தைக்கு, மஞ்சள் அடுக்களைக்கு என்பது அவர் கணக்கு. அதில் நியாயம் உண்டு. செந்நிறப் பழம் கடித்து உண்பதற்கு உகந்ததே தவிர, அனலில் வைத்தால் குழைந்து சுவையற்றுப் போகும். கோல்டன் வடிவு குலையாமல் வேகும், சிறிது புளிப்பும் இருக்கும். மேலும் அன்று கூடையில் கிடந்தவை ஆலங்கட்டி பட்டு வடுவேறியவை. வடுப்பட்ட பழத்தைப் பெட்டியில் அடுக்கினால் முழுப் பெட்டிக்கும் விலை இறங்கும். நாங்கள் கண்ட மட்டில் கூடைகளில் மூன்றில் ஒன்று அவ்வாறு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டாரின் ஓராண்டு வருவாய், சித்திரை மாதத்தில் கால் மணி நேரம் பெய்த ஆலங்கட்டியால் குறைந்தது. அம்மையார் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகன்தான் பிறகு சொன்னார்.

இனிப் பண்டத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் கிரம்பிள் என்பார்கள், உதிர்ந்த மாவைப் பழத்தின்மேல் தூவி அனலில் வாட்டுவது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 சனவரியில் பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு உட்பட்டன. அக்காலத்தில், மாவைப் பிசைந்து தேய்த்து மூடும் பண்டத்துக்குப் பதிலாக, கொஞ்சம் கொழுப்பில் முடியும் இதுவே வீடுகளில் பரவலாயிற்று என்பர். கோட்கருக்கு இவ்வகைப் பண்டங்கள் வந்த வழியும் கேட்டறிந்தோம். 1843-லிருந்தே இங்கு கிறிஸ்தவ ஊழியர்களின் நிலையம் ஒன்று இருந்திருக்கிறது. அம்மையாரின் மாமியார் அந்த வெள்ளையர் வீட்டு அடுக்களைகளில் கண்டு கற்றதை மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அளவு புத்தகம் எதுவும் கிடையாது. கிண்ணமே அளவு.

நடுத்தரமான நான்கு பழங்கள், எடை போட்டால் 700 கிராம் வரும். தடித்த துண்டங்களாக நறுக்கிப் பாதி எலுமிச்சம்பழச் சாற்றில் புரட்டினால் கறுக்காது. இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை பட்டைத்தூள். இவை பாத்திரத்தின் அடியில். மேலே தூவ, 150 கிராம் மாவு, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அம்மையார் கோதுமை மாவும் மைதாவும் சரிபாதியாக எடுத்து, வீட்டோரத்து மரத்தில் விளைந்த அக்ரூட்டையும் ஒரு பிடி நொறுக்கிச் சேர்த்தார். வெண்ணெயை மாவில் இட்டு விரல் நுனியால் நிமிண்ட வேண்டும், பிசையலாகாது. கொழுப்பு மாவின் துகள்களைச் சூழ்ந்து நின்றால்தான் பண்டம் பொலபொலவென்று இருக்கும். உள்ளங்கைச் சூடு பட்டு உருகினால் களியாகிவிடும்.

இதையெல்லாம் அம்மையார் இந்தியில் சொல்ல, நாங்கள் தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்னையார் எப்போது திண்ணையிலிருந்து எழுந்து அடுக்களைக்குள் வந்தார் என்பதை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. தட்டில் இருந்த மாவை ஒரு பிடி எடுத்து அழுத்தினார். பிடித்தது. விரலால் தட்டினார். உதிர்ந்தது. "புட்டு மாவுப் பதம்ல இது!" என்றார். பிறகு அத்தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு மீதி மாவைத் தாமே உதிர்த்தார். அறுபது ஆண்டுகளாகப் புட்டு மாவு விரவிய விரல்களுக்கு எங்கள் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அம்மலைநாட்டு வீடுகளில் தந்தூர் என்று சொல்வது ரொட்டி சுடும் மண்ணடுப்பன்று. விறகெரிக்கும் இரும்பு அடுப்பு. புகைக்குழாய் கூரை வழியே வெளியே போகும். அறைக்குச் சூடும் அதுவே, சமையலும் அதிலேயே. பக்கத்தில் ஒரு பெட்டி அறை இருந்தது, அதுவே வாட்டுவதற்கு. விறகு, குளிர்காலத்தில் கவாத்துச் செய்த ஆப்பிள் கிளைகள். மாவைப் பழத்தின்மேல் அழுத்தாமல் தூவி, பெட்டியில் வைத்து நாற்பது நிமிடம். மின்சார அடுப்பு உடையவர்கள் 180 பாகை வெப்பத்தில் அதே நேரம் வைக்கலாம். ஓரங்களில் சாறு கொதித்து மேலே எட்டிப் பார்க்கும்போது எடுத்துவிட வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் இரண்டு கிழவிகளும் விரல்களால் பேசிக்கொண்டார்கள். மலையம்மையாரும் கணவரை இழந்தவர், ஒன்பது ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் கால்காவிலும் சிம்லாவிலும் இருக்கிறார்கள். பனி விழும் மாதங்களில் தங்களிடம் வந்துவிடும்படி ஆண்டுதோறும் அழைக்கிறார்கள். "டிசம்பரில்தான் கவாத்து. நான் போய்விட்டால் எந்தக் கிளையை வெட்டுவது என்று கூலியாளுக்கு யார் சொல்வது? மரம் குளிரில் உறங்கினால்தான் பூக்கும். உறங்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டாமா?" என்று அவர் சொன்னார். ஆப்பிளுக்குக் கடுங்குளிர் ஆயிரம் மணி நேரம் வரையிலும் தேவைப்படுவது உண்மையே. ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது தோட்டக்கலைத் துறையார் சொன்னதாகத் தெரியவில்லை. அன்னையார் இந்தப் பேச்சை மட்டும் மூன்று தடவை மொழிபெயர்க்கச் சொன்னார். நாங்களும் அதன் பொருள் அறியாமல் மூன்று தடவையும் சொன்னோம்.

பண்டம் வந்தது. கிண்ணங்களில் இட்டு, மேலே பாலாடை ஊற்றிக் கொடுத்தார். அன்னையார் கிண்ணத்தை வாங்கிக் கொண்டார். எங்கள் இல்லாளின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அன்னையார் நிதானமாக, கிண்ணத்தின் அடி தெரியும் வரையில் உண்டார். பிறகு, "ஏலக்காய் ரெண்டு தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார். அதையும் மொழிபெயர்த்தோம். மலையம்மையார் வாய்விட்டுச் சிரித்து, ஏலக்காய் தேநீருக்குத்தான் என்று பதில் சொன்னார். இந்த விவகாரம் இன்றளவும் தீரவில்லை.

திரும்பும்போது, நாங்கள் மகிழ்ச்சியோடிருந்தோம். அன்னையார் பிறர் வீட்டில் உண்டுவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டோம். பரோக் நிலையத்தில் தேநீர் அருந்திவிட்டு வண்டி ஏறினோம். அந்நிலையத்தை ஒட்டியுள்ள முப்பத்து மூன்றாம் எண் சுரங்கமே இப்பாதையில் மிக நீளமானது, 1,100 மீட்டருக்கு மேல். வண்டி அதனுள் புகுந்து இருள் சூழ்ந்ததும் அன்னையார், "வீட்டுக்கு விலை கேட்டு ஆள் வந்தானாமே?" என்றார். ஊரிலிருந்து எவரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை மாதங்களுக்கு முன்போ. நாங்கள் விடை சொல்லவில்லை. சுரங்கம் முடிவதற்குச் சில நிமிடங்கள் ஆயின. வெளிச்சம் வந்தபோது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "விக்க வேண்டாம். தை பொறந்ததும் என்னைக் கொண்டு விட்டிருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எங்களை அதிகமாக வருத்தியது.

தை வரைக்கும் இருந்த நான்கு மாதங்களில் அன்னையார் நன்றாக உண்டார். அண்டை வீட்டுக் கடுகுக்கீரையையும் ஒரு முறை கேட்டு வாங்கினார். நண்பர் கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் ஆப்பிள்களில் அப்பண்டத்தைப் பல தடவை செய்து பார்த்தோம். எங்கள் வீட்டில் வாட்டும் அடுப்பு இல்லை. நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இராது என்பதால் அந்தப் பாட்டைச் சிறிது எழுதுகிறோம்.

கனத்த பழைய இரும்புச் சட்டி ஒன்றில் ஆற்றுமணலை இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, மேலே ஒரு வளையத் தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். அன்றாடம் புழங்கும் பிரஷர் குக்கரைத் தண்ணீரின்றிக் காய்ச்சாதிருப்பது நலம், நாங்கள் அப்படி ஒன்றைப் பாழாக்கினோம். முதல் தடவை பழத்தையும் மாவையும் சேர்த்தே உள்ளே வைத்தோம். பழத்தின் ஆவி மூடியில் படிந்து மாவின்மேல் சொட்டி, கஞ்சி போலாயிற்று. சிறுமி மட்டும் அதை உண்டாள். அடியிலிருந்து மட்டுமே சூடு வருவதால் மேற்புறம் சிவக்கவும் இல்லை. வழி கண்டவர் அன்னையார். மாவைத் தனியே வாணலியில் சிறு தீயில், ரவை வறுப்பதுபோல் பொன்னிறமாக வறுத்துக்கொண்டார். பழத்தை மட்டும் சட்டியில் அரை மணி நேரம் வேகவைத்து, வறுத்த மாவைத் தூவி, மூடியைச் சற்றே விலக்கி வைத்து, மேலும் பத்து நிமிடம். சரியாக வந்தது. வெண்ணெய் இல்லாத நாளில் உறைந்த நெய் அறுபது கிராம் போதும். வெண்ணெயில் தண்ணீரும் கலந்திருக்கிறது, நெய்யில் இல்லை. ஏலக்காய் தட்டிப் போட்டோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025 தை மாதத்தில் அன்னையாரைக் கொண்டுபோய் விட்டு வந்தோம். வீட்டுக்கு விலை கேட்டவருக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. எதிர்வீட்டுப் பெண் இரவில் துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள். எங்களுக்கு மனம் முழுவதும் அமைதியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். தொலைபேசி இரவு பத்து மணிக்கு மேல் ஒலித்தால் நெஞ்சு பதைக்கிறது.

சித்திரையில் ஒரு நாள் அவரே அழைத்தார். பழுத்த நேந்திரம்பழத்தில் அதைச் செய்யப் போகிறாராம், மணல் எவ்வளவு உயரம் என்பது மறந்துபோயிற்றாம். இரண்டு விரற்கடை என்றோம். "யார் விரலு? ஒன் விரலா, என் விரலா?" என்று கேட்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கோட்கரிலிருந்து பெட்டி வந்தது. அதிலிருந்து மஞ்சள் பழங்கள் ஆறினைத் தாளில் சுற்றி, நெல்லைக்குப் போகும் தெரிந்த குடும்பத்தார் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். நான்கு நன்றாக இருந்தன என்றும், இரண்டு வழியிலேயே அழுகிவிட்டன என்றும், நான்கே போதுமானவை என்றும் செய்தி வந்தது.